காலையில் காட்டும் எண்ணை வைத்து இன்சுலினைக் கூட்டலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பூனை முத்து, கருத்தடை செய்த ஆண், ஒன்பது வயது. போன வருடம் ஏழு கிலோவுக்கு மேல் இருந்தவன், இப்போது 5.4 கிலோதான் இருக்கிறான். ஓயாமல் தண்ணீர் குடித்தான், அவன் சிறுநீர் கழிக்கும் மணல் தட்டில் எறும்பு மொய்த்தது, பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி நடந்தான். மதுரையில் காட்டினோம். சர்க்கரை நோய் என்று சொல்லி, கிளார்ஜின் இன்சுலின் காலையும் மாலையும் 1 யூனிட் போடச் சொன்னார்கள். சோற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். வாப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் குளுக்கோமீட்டரும் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சும் வீட்டிலேயே இருந்தன. அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஐந்து நாள் 1 போட்டும் காலையில் 340-க்குக் கீழே இறங்கவில்லை. 2 ஆக்கினேன், 360 காட்டியது. எட்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு 3 போட்டேன். அன்று இரவு ஒரு மணிக்குத் தள்ளாடி விழுந்தான், கத்தினான், கண் நிலைகுத்தியது. கருப்பட்டிப் பாகை வாயில் தடவினேன். அரை மணி நேரத்தில் எழுந்து மீன் தின்றான். விடிந்து பார்த்தால் 430. துபாயில் இருக்கும் மச்சான், "430 என்றால் மருந்து போதவில்லை, 4 போடு" என்கிறார். கூட்டலாமா? மூன்று மாதத்துக்கு முன்பு உடம்பில் அரிப்பு வந்தபோது, பல வாரம் வேலை செய்யும் என்று சொல்லி இரண்டு தடவை ஊசி போட்டார்கள். அதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டக் கூடாது. உங்கள் கடிதம் கைக்கு வந்தவுடனே தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டேன். மதுரை மருத்துவரிடம் பேசி, சரியான சிரிஞ்சில் மீண்டும் 1 யூனிட்டிலிருந்து தொடங்கியிருப்பதாக நீங்கள் மறுநாள் தெரிவித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. அன்று அவசரத்தில் சொன்னதற்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன். இனிமேல் அளவை மாற்ற வேண்டி வரும்போது எதைப் பார்த்து மாற்ற வேண்டும் என்பதே உங்களுக்கு உண்மையில் தேவையான பதில் என்று நினைக்கிறேன்.

முதலில் சிரிஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பா போட்டுக்கொள்ளும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இருக்கிறது; நம் நாட்டு மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் குப்பி அதுதான். அதற்கென்று செய்யப்பட்டது சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சு. முத்துவுக்கு எழுதிக் கொடுத்த கிளார்ஜின் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருக்கிறது. அதற்கு ஆரஞ்சு மூடி போட்ட யு-100 சிரிஞ்சு வேண்டும். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு என்பது ஒரு மில்லிலிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த ஒரு கோட்டளவுக்கு 100 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 1 யூனிட் அன்று, இரண்டரை யூனிட். ஆகவே நீங்கள் 1 என்று நினைத்துப் போட்டது 2.5, 2 என்று நினைத்தது 5, அந்த எட்டாம் நாள் மாலை 3 என்று நினைத்துப் போட்டது 7.5 யூனிட். பூனைக்கு இன்சுலின் தொடங்கும்போது அதன் எடை எவ்வளவாக இருந்தாலும் ஒரு வேளைக்கு 2 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் மருத்துவத்தில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. முத்து பிழைத்தது, நீங்கள் அந்த நேரத்தில் விழித்திருந்ததால்தான். இதில் உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்தை எழுதிக் கொடுப்பவர்கள் சிரிஞ்சின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இன்சுலின் எழுதும்போது சிரிஞ்சையும் அதே சீட்டில் எழுதும் பழக்கம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வர வேண்டும். 0.3 மில்லி கொள்ளளவும் அரை யூனிட் கோடுகளும் உள்ள யு-100 சிரிஞ்சு பூனைக்கு மிகவும் ஏற்றது. எல்லாக் கடையிலும் அது இருக்காது, ஆனால் சொல்லி வைத்தால் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ வரவழைத்துத் தருவார்கள்.

அடுத்து, மச்சானைக் குழப்பிய அந்த 430. ஏழரை யூனிட் போட்ட இரவுக்குப் பின் சர்க்கரை எப்படி அவ்வளவு ஏறும் என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள அட்ரினலின், குளுக்ககான், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகளை அள்ளி விடுகிறது. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் தன் சேமிப்பில் இருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. அதனோடு நீங்கள் தடவிய கருப்பட்டிப் பாகும் சேர்ந்தது. ஆக, காலையில் மீட்டர் காட்டிய 430 என்பது மருந்து குறைவாகப் போனதன் அடையாளம் இல்லை. முந்தைய இரவு மருந்து மிகுதியாகப் போனதன் விளைவு. அதைப் பார்த்து 4 கோடு, அதாவது 10 யூனிட், போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

ஊசி போடுவதற்குச் சற்று முன்பு எடுக்கும் எண், முந்தைய ஊசியின் வேகம் தேய்ந்து முடியும் நேரத்து எண். அது பெரும்பாலும் மேலேதான் நிற்கும். மருந்து உச்சமாக வேலை செய்யும் நேரத்தில் சர்க்கரை எவ்வளவு கீழே இறங்கியது என்பதை அந்த எண் சொல்லாது. இன்சுலின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது, இரண்டு ஊசிகளுக்கு நடுவே வரும் அந்தத் தாழ்ந்த எண்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் உட்கார வேண்டும்: காலை ஊசிக்கு முன் ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என மாலை ஊசி வரை சர்க்கரை பார்த்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். ஆறு, ஏழு முறை குத்துவது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், கிளார்ஜினைப் பொறுத்தவரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தாலும் ஓரளவு தெரியும். இதை மருத்துவமனையில் செய்வதைவிட வீட்டில் செய்வதே மேல். கூடையில் அடைத்து, பேருந்தில் மூன்று மணி நேரம் குலுங்கிப் போய், நாய்கள் குரைக்கும் இடத்தில் மேசை மேல் நிறுத்தப்படும் பூனைக்குப் பயத்தாலேயே சர்க்கரை ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்கும் அங்கே 200, 300 காட்டுவதுண்டு.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். காலை 340, நண்பகல் 260, மாலை 330 என்று உங்கள் நோட்டில் வந்தால், மருந்து எட்டவில்லை என்று பொருள். அப்போது மருத்துவரைக் கேட்டு அரை யூனிட் கூட்டலாம். காலை 340, நண்பகல் 70, மாலை 330 என்று வந்தால், காலையும் மாலையும் ஏறக்குறைய அதே எண்களாக இருந்தாலும், செய்ய வேண்டியது நேர் எதிரானது: மருந்தைக் குறைக்க வேண்டும். தாழ்ந்த எண் 80-க்கும் 150-க்கும் இடையில் நிற்பதுதான் நாம் வேண்டுவது. அது 80-க்குக் கீழே போனால், காலை எண் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அளவைக் குறைக்காமல் அடுத்த ஊசி போடக் கூடாது. முதல் சில வாரங்களில் ஊசிக்கு முந்தைய எண்ணே 200-க்குக் கீழே இருந்தால், போடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் இரண்டு மூன்று நாளில் கூட்டியது இன்னொரு தவறு. கிளார்ஜின் தோலுக்கு அடியில் நுண்ணிய படிவமாகத் தங்கி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும் மருந்து. ஓர் அளவின் முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும். ஆகவே ஓர் அளவைத் தொடங்கினால் குறைந்தது ஐந்து முதல் ஏழு நாள் வரை அதிலேயே நில்லுங்கள்; அதற்குப் பிறகு மாற்றினாலும் ஒரு தடவைக்கு அரை யூனிட், மிஞ்சினால் ஒரு யூனிட். குறைப்பதற்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. குறைக்க வேண்டும் என்று தெரிந்த வேளையிலேயே குறைக்க வேண்டும். இப்போது சரியான சிரிஞ்சில் உண்மையான 1 யூனிட் போகும்போது, காலை எண் 350, 380 என்று சில நாள் நிற்கலாம். அது உங்களுக்குப் பதற்றத்தைத் தரும். பூனை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, சுறுசுறுப்பாக இருக்கும்வரை 350-ல் ஒரு வாரம் இருப்பது அதைக் கொல்லாது. 30-ல் ஒரு மணி நேரம் இருப்பது கொன்றுவிடும், அல்லது மூளையைப் பாழாக்கிவிடும். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றதையெல்லாம் நிதானமாகச் சரிசெய்துவிடலாம்.

முத்துவின் விஷயத்தில் நான் இன்னும் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதற்கு, உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. அரிப்புக்குப் போட்ட, பல வாரம் வேலை செய்யும் ஊசி என்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு வகையாக இருக்கும். இன்சுலின் உடலில் வேலை செய்வதை அந்த மருந்து தடுக்கும். ஏற்கெனவே கொழுத்திருந்த, கருத்தடை செய்த நடுவயது ஆண் பூனைக்கு அது சர்க்கரை நோயை வெளியே கொண்டு வந்துவிடும். அதன் தாக்கம் மெல்லத் தேய்ந்து வரும்போது, போன வாரம் தேவைப்பட்ட இன்சுலின் இந்த வாரம் மிகுதியாகிவிடலாம். போட்டது எந்த மருந்து, எந்தத் தேதி என்று கேட்டு, மதுரை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இவனுக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் சோறு. நம் கடற்கரை வீடுகளில் பூனைக்குப் போடுவது மீன் குழம்பில் பிசைந்த சோறுதான். பூனையின் உடலோ இறைச்சியைச் செரிப்பதற்கென்றே அமைந்தது, அரிசியின் மாவுச்சத்து அதற்குத் தேவையே இல்லை. சோற்றை நிறுத்தி மீனும் கோழியும் கொடுக்கத் தொடங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். இது நல்லதுதான், ஆனால் சோற்றை நிறுத்திய அதே நாட்களில் இன்சுலினையும் கூட்டினால் இரண்டும் சேர்ந்து பூனையைப் பள்ளத்தில் தள்ளும். உணவை ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். மாற்றும் நாட்களில் இன்சுலினைக் கூட்டாதீர்கள், சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள்.

எந்த மீன் என்றும் கேட்பீர்கள். சூடை, சாளை, காரல் எல்லாம் கொடுக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல், தண்ணீரில் வேகவைத்து முள் நீக்கிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். சாளை, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகப் போட்டால் அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். வேகவைத்தால் அந்தக் குறை இல்லை. கருவாடு வேண்டாம், உப்பு மிகுதி. மீன் மட்டுமே போதாது; வேகவைத்த கோழி, முட்டை, வாரத்தில் ஓரிரு நாள் சிறிது ஈரல் என்று கலந்து கொடுங்கள். கடையில் வாங்குவதாக இருந்தால், உலர்ந்த பிஸ்கட் வகை உணவில் மாவுச்சத்து மிகுதி. பாக்கெட்டில் வரும் ஈரமான உணவே மேல்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை ஏறிவிடும். அந்த நாட்களில் பல வீடுகளில் பூனை மீண்டும் சோற்றுக்கும் பிஸ்கட்டுக்கும் திரும்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, இன்சுலினைக் கூட்டுகிறார்கள். ஜூன் பாதியில் படகுகள் திரும்பி மீன் மலிந்தவுடன், கூட்டிய அளவு அப்படியே இருக்க, உணவு மட்டும் மாறுகிறது. தாழ்சர்க்கரையில் விழுந்த பூனைகளை நான் ஜூன் கடைசியில் பார்த்திருக்கிறேன். தடைக்காலத்துக்குக் கோழியும் முட்டையும் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வருடம் முழுவதும் ஒரே வகை உணவு இருந்தால்தான் அளவை நிலைநிறுத்த முடியும்.

காதில் குத்தி இரத்தம் எடுப்பது பற்றித் தொலைபேசியில் கேட்டீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் அரை நிமிடம் வைத்தால் இரத்தம் எளிதில் வரும். காதின் ஓரத்தில் ஒரு சிறிய இரத்தக்குழாய் ஓடுவது வெளிச்சத்தில் தெரியும்; காதின் பின்னால் பஞ்சு வைத்துப் பிடித்துக்கொண்டு, அந்த இரத்தக்குழாய்க்கும் காதின் விளிம்புக்கும் இடையில் குத்துங்கள். ஒரு சொட்டு போதும். குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்தி, உடனே அவனுக்குப் பிடித்த ஒரு துண்டு மீனைக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் மீட்டரைக் கண்டவுடன் அவனே மடியில் வந்து உட்காருவான். மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். அதற்காக, 55 என்று காட்டினால் மீட்டர் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். எப்போதும் ஒரே மீட்டரில் பாருங்கள். அதே மீட்டரின் எண்களைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த இரவைப் போல இன்னொன்று வந்தால் செய்ய வேண்டியதையும் எழுதுகிறேன். திடீர்ப் பசி, ஒளிந்துகொள்வது, நடுக்கம், தள்ளாட்டம், வெறித்த பார்வை, வலிப்பு: இவை தாழ்சர்க்கரையின் படிகள். மீட்டரைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். தின்னக்கூடிய நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். தின்ன முடியாவிட்டால் குளுக்கோஸ் தூளைச் சிறிது தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தோ, தேனையோ, ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் விரலால் தடவுங்கள். நீங்கள் கருப்பட்டிப் பாகு தடவியது நல்ல யோசனைதான், கையில் இருந்ததைப் பயன்படுத்தினீர்கள். ஆனால் கருப்பட்டியில் இருப்பது குடலில் உடைந்த பிறகே குளுக்கோஸாக மாறும் சர்க்கரை, ஆகையால் தூய குளுக்கோஸ் தூள் இன்னும் விரைவாக வேலை செய்யும். ஒரு டப்பாவை மருந்தோடு சேர்த்தே வையுங்கள். வலிப்பு வரும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எழுந்து தின்ற பிறகும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை, போட்ட இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அரை மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்து, அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு அந்த இரவிலேயே கொண்டு போவதுதான் சரி. அடுத்த ஊசியை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

மறுபக்கத்திலும் ஓர் அவசரம் உண்டு. சர்க்கரை உயர்ந்தே இருக்க, பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சோர்ந்து கிடந்தால் அது கீட்டோன் நஞ்சேற்றமாக இருக்கலாம்; அதாவது, உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிப்பதால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் இரத்தத்தில் சேர்வது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. கீட்டோன் தெரிந்தால் வீட்டில் இன்சுலினைக் கூட்டிச் சமாளிக்க முயலாமல், இரத்தக்குழாய் வழியே திரவம் (டிரிப்) ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே போய்விடுங்கள். ஒரு வேளை மட்டும் உணவைத் தொடாமல் இருந்தால், முழு அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

மருந்தைக் குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் வையுங்கள். உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் நின்றால், மீன் ஐஸ் பெட்டிக்குள் போட வேண்டாம், அங்கே உறைந்துவிடும். ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சிறிய டப்பாவில் வைத்தால் ஓரிரு நாளுக்குத் தாங்கும். கிளார்ஜினில் தண்ணீரோ வேறு இன்சுலினோ கலக்கவே கூடாது. வாப்பாவின் குப்பியையும் முத்துவின் கார்ட்ரிட்ஜையும் வெவ்வேறு தட்டில், பெயர் எழுதி வையுங்கள். இது முத்துவுக்கு மட்டுமன்று, வாப்பாவுக்கும் பாதுகாப்பு, ஏனென்றால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு இனி அதே வீட்டில் இருக்கப் போகிறது. வாப்பாவின் மாத்திரைகளில் எதையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பூனைகளுக்கென்றே ஒரு மாத்திரை 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அது ஆகாது.

இரண்டு ஊசிக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். காலை ஆறு, மாலை ஆறு என்று நீங்கள் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுந்த கையோடு காலை ஊசியை முன்கூட்டிப் போட்டுவிடத் தோன்றும். வேண்டாம், ஆறு மணியையே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நோன்பு திறக்கும் பரபரப்பில் ஒருவர் போட்டது தெரியாமல் இன்னொருவர் மறுபடி போட்டுவிடும் அபாயமும் இருக்கிறது. போட்டவுடன் நோட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் சிரிஞ்சைத் தொடக் கூடாது. ஊசி உள்ளே போனதா, முடியில் சிந்தியதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை தவறுவதால் கெடுதல் இல்லை.

பின்னங்கால் நடை நரம்புத் தளர்ச்சியால் வந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் சில மாதங்களில் பெரும்பாலும் தேறும். எண்ணெய் தேய்ப்பதோ கட்டுப்போடுவதோ வேண்டாம். நோய் தொடங்கிய சில மாதத்துக்குள் சரியான உணவும் இன்சுலினும் கிடைத்த பூனைகளில் சில, ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. ஸ்டீராய்டால் தூண்டப்பட்ட நோய் என்றால் அந்த நம்பிக்கை இன்னும் கூடுதல், முத்துவுக்கும் அது வாய்க்கலாம். அப்படி ஒரு நாள் வந்தால் முதலில் தெரிவது அந்த நடுப்பகல் எண்ணில்தான்: நீங்கள் எதையும் மாற்றாமலே 150, 110, 90 என்று இறங்கத் தொடங்கும். வாரம் ஒரு முறை எடையும், தினமும் குடித்த தண்ணீரின் அளவும் அதே நோட்டில் எழுதுங்கள். இன்றிலிருந்து ஏழாம் நாள் காலை முதல் மாலை வரை எடுத்த எண்களை மதுரை மருத்துவருக்கு அனுப்பிவிட்டு, ஒரு படியை எனக்கும் அனுப்புங்கள். அரை யூனிட் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்பதை அவரோடு பேசிவிட்டு எழுதுகிறேன்.